கன்ட்ரோலர் ஒன்று, ஆட்கள் ஐந்து: ஃபைனல் ஃபேன்டஸி 16ஐச் சேர்ந்து ஆட முயன்றபோது நடந்தது

எதற்காக இந்தக் குறிப்பு

அலுவலகத்தில் சர்வர் விழுந்தால் மறுநாள் உட்கார்ந்து ஓர் அறிக்கை எழுதுவோம். எப்போது விழுந்தது, முதலில் யார் பார்த்தார்கள், என்ன செய்தோம், அடுத்த முறை என்ன செய்வோம் என்று வரிசையாக இருக்கும். யாரையும் குற்றம் சொல்லக் கூடாது என்பது மட்டும்தான் விதி. பெங்களூரில் பதினோரு வருடம் நடந்துவந்த எங்கள் சனிக்கிழமை ஆட்டம் 2023இல் ஏறக்குறைய நின்றுபோனது. அதை அந்த முறையிலேயே எழுதி வைக்கிறேன். ஃபைனல் ஃபேன்டஸி என்ற ஜப்பானிய வீடியோ கேம் தொடர் தன் அடையாளத்தை இழந்துவிட்டதா என்பதுதான் வெளியே தெரிந்த சண்டை. உள்ளே இருந்தது வேறு விஷயம் என்று கண்டுபிடிக்க எங்களுக்கு நாலைந்து மாதம் ஆனது.

பின்னணி

2012இல் ஹலசூரில் என் வாடகை வீட்டில் ஆரம்பித்தோம். பழைய பிளேஸ்டேஷன் 2 ஒன்று, அதற்கு ஒழுங்காக வேலை செய்கிற ஒரே ஒரு கன்ட்ரோலர். ஆள் நாலு பேர், 2019இல் ஐந்தானோம்.

எங்களில் மூத்தவர் கோலார் தங்கவயல்காரர். எல்லோருக்கும் அவர் அண்ணா. சுரங்கம் மூடிய 2001இல் பெங்களூருக்கு வேலைக்கு வர ஆரம்பித்தவர், இன்றும் வீடு அங்கேதான். சனிக்கிழமை ஆட்டத்துக்காகச் சுமார் 100 கிலோமீட்டர் ரயிலில் வந்து, இரவு ரயிலில் திரும்புவார். இது பின்னால் முக்கியமாகிறது. அடுத்து ஓர் அக்கா, ஹலசூரிலேயே பிறந்து வளர்ந்தவர், பள்ளி ஆசிரியை. அப்புறம் கீழ்வீட்டு நண்பர், நான். கடைசியாகச் சேர்ந்தவன் என் அலுவலகத் தம்பி, 2023இல் அவனுக்கு 24 வயது.

நாங்கள் முதலில் எடுத்தது ஃபைனல் ஃபேன்டஸி 10. அது 2001இல் வந்த ஆட்டம். ஒரு கன்ட்ரோலரை வைத்துக்கொண்டு நாலு பேர் ஆடுவதற்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. சண்டையில் மூன்று பேர் நிற்பார்கள், மொத்தம் ஏழு பேர் உண்டு, யாருடைய முறை வந்தாலும் அந்த இடத்தில் வேறொருவரை மாற்றி இறக்கலாம். நாங்கள் கட்டளை கொடுக்கும்வரை எதிரி காத்திருப்பான். அடுத்து யார், அதற்கடுத்து யார் என்ற வரிசை திரையின் ஓரத்திலேயே தெரியும். ஆகவே ஆளுக்கு ஒரு பாத்திரத்தைப் பிரித்துக்கொண்டோம். அண்ணாவுக்கு ஆரான், அக்காவுக்கு யூனா, எனக்கு வாக்கா. கிமாரியை யாரும் கேட்கவில்லை. வரிசையைப் பார்த்துக் கன்ட்ரோலர் கைமாறும். தண்ணீருக்குள் நடக்கும் சண்டைகளில் டைடஸ், வாக்கா, ரிக்கூ மூவர் மட்டும்தான் இறங்க முடியும். அப்போது அக்கா எழுந்து டீ போடப் போவார். "நீச்சல் தெரியாதவங்க டீ போடணும்" என்று ஒரு சட்டமே இருந்தது.

அதற்குப் பிறகு 9, 12, 13, 15 என்று வரிசை இல்லாமல் ஆடினோம். 12இல் கூட்டாளிகள் எப்போது என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கிற காம்பிட் முறை. கூட்டாளியின் எச்.பி., அதாவது உயிர்ப்புள்ளி, 50 சதவீதத்துக்குக் கீழே போனால் க்யூர் என்ற குணப்படுத்தும் மந்திரம் போடு என்று எழுதினால் போதும், அவர்களே பார்த்துக்கொள்வார்கள். 50ஆ 70ஆ என்று அக்காவும் கீழ்வீட்டு நண்பரும் ஒரு மாலை முழுவதும் சண்டை போட்டார்கள். எதிரி ஒருவனும் சாகவில்லை, ஆனால் நல்ல மாலை அது.

2023 ஜூன்: வாங்கிய விதம்

ஃபைனல் ஃபேன்டஸி 16, 2023 ஜூன் 22 அன்று பிளேஸ்டேஷன் 5இல் வந்தது. அதற்குப் பத்து நாள் முன்பே இலவச டெமோ வந்துவிட்டது. ஆட்டத்தின் தொடக்கம் முழுக்க அதிலேயே இருந்தது. தம்பி தன் அறையில் தனியாக அதை ஆடிவிட்டு, இரவு ஒன்றரை மணிக்கு "இதுவரை வந்ததிலேயே இதுதான் பெஸ்ட்" என்று குழுவில் செய்தி போட்டான். அவனை நம்பி ஐந்து பேரும் பணம் போட்டோம். டெமோவைச் சேர்ந்து பார்ப்போம் என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

கவனித்தவை

யார் எவ்வளவு நேரம் கன்ட்ரோலரை வைத்திருந்தார்கள் என்று ஒரு நோட்டில் குறிப்பது என் பழக்கம். பழைய ஆட்டங்களில் சண்டை வராமல் இருக்கத்தான் அதை ஆரம்பித்தேன். ஜூலை முதல் சனிக்கிழமை நாலு மணி நேரம் ஆடியதில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தம்பியிடம். இரண்டாவது சனிக்கிழமையும் ஏறக்குறைய அப்படியே. அவன் பிடுங்கிக்கொள்ளவில்லை. மற்றவர்கள் வாங்கினால் இரண்டு நிமிடத்தில் செத்துப்போய்த் திருப்பிக் கொடுத்தார்கள்.

காரணம் ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. இதில் ஆட்டக்காரர் கையில் இருப்பவன் கதாநாயகன் கிளைவ் ஒருவன் மட்டும்தான். கூட வருகிறவர்கள் தாங்களாகவே சண்டை போடுவார்கள், ஒரு நாயைத் தவிர மற்றவர்களுக்கு எந்தக் கட்டளையும் கொடுக்க முடியாது. சண்டைப் பகுதியை இயக்கிய ரியோட்டா சுசுகி அதற்கு முன் டெவில் மே க்ரை 5 என்ற அதிரடி ஆட்டத்தில் வேலை செய்தவர். விரல் வேகம் கேட்கும் சண்டை அது, நன்றாகவே செய்திருக்கிறார்கள். டைட்டனோடு மோதும் பகுதி ஓடியபோது எங்கள் ஐந்து பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை, வாங்கிவைத்த தட்டு இட்லி ஆறிப்போனது. மோசமான ஆட்டம் என்று நான் எழுதினால் அது பொய்.

ஆனால் நோட்டில் அதே நாளில் வேறு சிலவும் குறித்திருக்கிறேன். அண்ணா ஆறே முக்காலுக்கே போனில் ரயில் நேரம் பார்த்தார். அக்கா விடைத்தாள் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து திருத்த ஆரம்பித்தார். பதினோரு வருடத்தில் அவர் அப்படிச் செய்ததில்லை.

மூன்றாவது சனிக்கிழமை வெடித்தது. "பேரைத் தவிர இதுல என்னடா இருக்கு? அடையாளமே போச்சு" என்றார் அண்ணா. "அண்ணா, உங்களுக்கு ஏழாவது ஆட்டத்தோட கடிகாரம் நின்னுபோச்சு. நீங்க சொல்றது தொடரோட அடையாளம் இல்ல, உங்க வயசோட அடையாளம்" என்றான் தம்பி. அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அண்ணா பையை எடுத்தார். அடுத்த வாரத்திலிருந்து வரவில்லை.

பட்டியல் போட்ட சனிக்கிழமை

ஆகஸ்டில், மீதி நாலு பேரும் ஆட்டத்தைப் போடாமல் உட்கார்ந்தோம். அடையாளம் என்று ஆளாளுக்கு எதைச் சொல்கிறோம் என்று எழுதிப் பார்ப்போம் என்றேன். அண்ணா நான் கேட்டதற்காக ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார், கோபமில்லாத குரலில், சுருக்கமாக: "டர்ன் வெச்சு ஆடுறது. உவேமட்சு மியூசிக். கிரிஸ்டல். அவ்ளோதான்."

ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். முறை வைத்து ஆடுவது என்கிறார்கள். ஆனால் நேரம் ஓடாமல் நமக்காக நிற்கிற சண்டை, எண்ணிட்ட 16 ஆட்டங்களில் 1, 2, 3, 10 ஆகிய நாலில் மட்டும்தான். 1991இல் வந்த நாலாம் ஆட்டத்திலேயே மணி ஓட ஆரம்பித்துவிட்டது. அண்ணா கும்பிடும் ஏழிலும் நாம் மெனுவில் யோசித்துக்கொண்டிருக்கும்போது எதிரி அடிப்பான். இசை? நொபுவோ உவேமட்சு தனியாக இசையமைத்தது 9 வரைக்கும்தான், 10இலேயே இன்னும் இருவர் சேர்ந்தார்கள், 16க்கு மசயோஷி சோகென். பழைய ஆட்டங்களில் கதையின் மையமாக இருந்த கிரிஸ்டல்கள் எட்டில் இல்லை. அக்கா எழுதிய சோகோபோ பறவை 1987இல் வந்த முதல் ஆட்டத்தில் இல்லவே இல்லை, இரண்டில்தான் வந்தது. சிட் என்ற பெயருடைய ஆளும் அப்படித்தான். தம்பி எழுதியது "நாலு நண்பர்கள், ஒரு பயணம்". அது அவன் முதலில் ஆடிய 15. காரில் போய், கூடாரம் போட்டு, இக்னிஸ் சமைத்ததைச் சாப்பிட்டு, ப்ராம்ப்டோ எடுத்த போட்டோக்களைப் பார்க்கிற ஆட்டம்.

ஆக, முதலிலிருந்து கடைசிவரை வருகிற ஒன்று எங்கள் பட்டியலில் இல்லை. ஒவ்வொருவரும் தாங்கள் முதலில் ஆடியதைத்தான் எழுதியிருந்தார்கள். தம்பிக்கு இது வசதியாகப் போயிற்று. "பாத்தீங்களா, மாறிக்கிட்டே இருக்கறதுதான் இதோட அடையாளம்" என்றான். இந்தப் பதில் எனக்கு அன்றும் ஒட்டவில்லை, இன்றும் ஒட்டவில்லை. அதை ஒப்புக்கொண்டால் எந்த ஆட்டத்தின் மேலும் இந்தப் பெயரை ஒட்டலாம், யாரும் ஒன்றும் கேட்க முடியாது.

அக்கா விடைத்தாளிலிருந்து தலை தூக்காமல் கேட்டார்: "அதெல்லாம் சரி. பத்துல நான் யூனா. இதுல நான் யாரு?"

அன்றைக்கு நடந்ததில் உருப்படியான கேள்வி அது ஒன்றுதான். அதை வைத்துப் பட்டியலைத் திரும்பப் போட்டோம். முதல் ஆட்டத்தில் ஆறு வகைத் தொழிலிலிருந்து நாலு பேரைத் தேர்ந்தெடுப்பதுதான் தொடக்கமே. அன்றிலிருந்து 10 வரை எல்லாவற்றிலும், ஒரு கூட்டத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் என்ன வேலை என்று ஆட்டக்காரர் முடிவுசெய்கிறார். 6லும் 9லும் இரண்டாவது கன்ட்ரோலரைச் செருகி, யார் எந்தப் பாத்திரத்தை ஆடுவது என்று பிரித்துக்கொடுக்கும் வசதியைத் தயாரித்தவர்களே வைத்திருந்தார்கள். நாங்கள் ஹலசூரில் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருந்த பழக்கத்தை அவர்கள் 1994இலேயே மெனுவில் வைத்துவிட்டார்கள்.

அதை அவர்கள் கைவிட்டது ஒரே நாளில் நடக்கவில்லை. 12இல் மற்றவர்களுக்கு உத்தரவை எழுதிவைத்தாலே சண்டை நடந்துவிடும். 13இல் தலைவர் ஒருவரைத்தான் ஆட முடியும், மற்றவர்கள் மருத்துவரா காவலரா என்று வேலையை மட்டும் மாற்றலாம். தலைவர் விழுந்தால் ஆட்டம் முடிந்தது, மற்ற இருவர் உயிரோடு இருந்தாலும். 15 வந்த 2016இல் கதாநாயகன் நாக்டிஸை மட்டும்தான் ஆட முடியும், மற்ற மூவரை ஆடும் வசதி பிறகு ஓர் அப்டேட்டில் வந்தது. 16இல் நாம் கட்டளையிடக்கூடிய ஒரே துணை டோர்கல் என்ற நாய்.

அண்ணாவின் வாக்கியத்தில் பாதி சரி. தொலைந்தது டர்ன் இல்லை, கூட்டம். அதுவும் தொடர் முழுக்கத் தொலையவில்லை. 11உம் 14உம் ஆன்லைன் ஆட்டங்கள், அங்கே கூட்டத்தில் ஒவ்வொருவரும் நிஜ ஆள். 2020இல் வந்த 7இன் ரீமேக்கில் அதே கம்பெனி மூன்று பேரையும் நம் கையில் கொடுத்திருக்கிறது, கட்டளை கொடுக்கும்போது நேரமும் ஊர்ந்து போகும். 16இன் தயாரிப்பாளர் நவோகி யோஷிதா, கட்டளை தேர்ந்தெடுக்கும் சண்டை இளைய ஆட்டக்காரர்கள் பலரை ஈர்ப்பதில்லை என்று வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். அது அவர் யோசித்து எடுத்த முடிவு. எங்கள் வீட்டு சோபாவில் ஐந்து பேர் உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

எடுத்த முடிவுகள்

முதல் யோசனை, வேகம் இல்லாதவர்களுக்காக ஆட்டத்திலேயே இருக்கும் மோதிரங்கள். ஒன்றை மாட்டினால் அடி விழும் நேரத்தில் கிளைவ் தானாகவே விலகிக்கொள்வான், இன்னொன்றை மாட்டினால் ஒரே பட்டனை அழுத்தினாலே விதவிதமாக அடிப்பான். அக்காவிடம் மாட்டிக் கொடுத்தோம். அரை மணி நேரம் சாகாமல் ஆடிவிட்டு, "பின்னாடி யாரோ சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டே வர்ற மாதிரி இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். இது தோல்வி. எங்கள் பிரச்சினை கஷ்டம் இல்லை, இடம் இல்லாதது. மோதிரம் கஷ்டத்தைத்தான் குறைக்கும்.

இரண்டாவது தற்செயல். அந்த செப்டம்பரில் பிளேஸ்டேஷன் 5க்கு வந்த அப்டேட்டில், இரண்டு கன்ட்ரோலர்களை ஒன்றாகப் பாவித்து ஆடும் உதவி வசதி சேர்ந்தது. உடல் சிரமம் உள்ளவர்களுக்கு இன்னொருவர் துணை செய்ய வந்த வசதி அது. டோர்கலுக்கான கட்டளைகள் இடதுபக்கத் திசை பட்டன்களில் இருக்கின்றன. இரண்டாவது கன்ட்ரோலரை அக்கா கையில் கொடுத்து, "இந்தப் பக்கத்தை மட்டும் தொடுங்க, நாய் உங்களுது" என்றேன். பாய், கடி, குணப்படுத்து என்று மூன்றே கட்டளைதான். இருந்தாலும் விடைத்தாள் கட்டு அதற்கடுத்த வாரம் வரவில்லை. தம்பி அடி வாங்கும்போதெல்லாம் அக்கா நாயை வைத்துக் காப்பாற்றிவிட்டு அவனை ஒரு பார்வை பார்ப்பார்.

கீழ்வீட்டு நண்பர் வேறொரு இடத்தைத் தானே எடுத்துக்கொண்டார். காட்சியின் நடுவில் நிறுத்தி, திரையில் இருப்பவர் யார், எந்த நாடு, எதற்குச் சண்டை என்று படிக்கிற வசதி 16இல் இருக்கிறது. அதைப் படித்துச் சொல்கிற வாத்தியார் ஆகிவிட்டார். எனக்கு நோட்டு இருந்தது, போதும்.

அண்ணாவுக்கு என்ன செய்வது என்பதில் நான் தவறினேன். ஆட்டம் சரியாகிவிட்டது, வாங்க என்று போன் செய்தேன். அவர் போட்ட பணத்தைத் திருப்பித் தரட்டுமா என்றும் அதே மூச்சில் கேட்டேன். இரண்டையும் சேர்த்துச் சொன்னது தப்பு. கணக்கை முடித்து அனுப்புகிற மாதிரி அவருக்குக் கேட்டிருக்கிறது. பணமும் வேண்டாம், வரவும் இல்லை.

பிறகு நடந்தது

16ஐ டிசம்பரில் நாலு பேராக முடித்தோம். ஜனவரியில் பழைய பிளேஸ்டேஷன் 2ஐப் பரண்மேலிருந்து இறக்கி, 9ஐத் திரும்ப ஆரம்பிக்கப் போகிறோம், ஆனால் இரண்டாவது கன்ட்ரோலர் இல்லை என்று குழுவில் எழுதினேன். இந்த முறை அழைக்கவில்லை, இருப்பதை மட்டும் சொன்னேன். அந்தச் சனிக்கிழமை அண்ணா ஒரு துண்டில் சுற்றிய சாம்பல் நிறக் கன்ட்ரோலரோடு வந்தார், அவர் 7 ஆடிய காலத்துக் கன்ட்ரோலர். வடத்தில் இரண்டு இடத்தில் இன்சுலேஷன் டேப்.

பாத்திரங்களைப் பிரித்தது நான். அண்ணாவுக்கு வாள்வீரன் ஸ்டைனர், தம்பிக்கு மந்திரவாதி விவி. 9ஐ ஆடியவர்களுக்குத் தெரியும், ஸ்டைனரின் மந்திர வாள் அடிகள் விவி கூட நின்றால்தான் வேலை செய்யும். தெரிந்தேதான் கொடுத்தேன். இருவருக்கும் நடுவில் அந்தப் பழைய பேச்சு வந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்தது, இரண்டாவது வாரம் விவி விழுந்து கிடந்தபோது அண்ணா "டேய் எழுந்திரு, என் கத்தி சும்மா கெடக்கு" என்று கத்தியதுதான்.

2024இல் 7இன் இரண்டாம் பாகமான ரீபெர்த்தை ஆடினோம். ஓரளவு ஓடியது. தம்பி கையில் கன்ட்ரோலர் இருக்கும், நேரம் ஊரும்போது மற்றவர்கள் கட்டளையைச் சொல்வார்கள். 2025இல் ஆடியது இந்தத் தொடரே இல்லை. பிரான்ஸிலிருந்து வந்த எக்ஸ்பெடிஷன் 33. முறை வைத்து ஆளுக்கொரு பாத்திரம், ஆனால் எதிரி அடிக்கும்போது சரியான நொடியில் தடுக்க வேண்டும். தடுப்பதெல்லாம் தம்பி, கட்டளையெல்லாம் அவரவர். முதல் நாள் முடிவில் அண்ணா சொன்னார்: "பேரு மாறிப் போச்சு, வீடு இதுதான்." தம்பி மறுத்தான். அந்த வாக்குவாதம் இன்னும் முடியவில்லை, இப்போது அதற்கு யாரும் பையை எடுப்பதில்லை.

இனி மாற்றுவது

டெமோ இருந்தால் ஐந்து பேரும் இருக்கும் நாளில்தான் போடுவோம். அதுவரை யாரும் பணம் போடக் கூடாது. தனியாக முதலில் ஆடியவர் வேண்டுமானால் பிடித்தது என்று சொல்லலாம், வாங்கலாம் என்று சொல்லக் கூடாது. இந்த விதியைக் கொண்டுவந்தது தம்பியே.

ஆட்டம் எப்படி இருக்கிறது என்பதற்கு முன்னால், இதில் எத்தனை பேருக்கு வேலை இருக்கிறது என்று கேட்போம். ஒருவருக்கு மட்டும்தான் என்றால் அதை அவரவர் வீட்டில் ஆடட்டும். 16ஐ நான் பிறகு தனியாகத் திரும்ப ஆடினேன். நன்றாகத்தான் இருந்தது.

நோட்டில் நேரக் கணக்கு இரண்டாவது வாரமே விஷயத்தைச் சொல்லிவிட்டது. நான் எழுதினேனே தவிரப் படிக்கவில்லை. இப்போது மாதக் கடைசியில் எல்லோர் முன்னாலும் படிக்கிறோம்.

இந்தக் குறிப்பை எழுதி முடித்ததும் அண்ணாவுக்கும் தம்பிக்கும் அனுப்பினேன். தம்பி தன் வயதைச் சரிசெய்யச் சொன்னான், நான் 23 என்று போட்டிருந்தேன். அண்ணா ஒரே ஓர் இடத்தைச் சொன்னார். "கோபித்துக்கொண்டு நின்றுவிட்டார்" என்று எழுதியிருந்தேன். "வரவில்லை" என்று போடச் சொன்னார். போட்டுவிட்டேன்.